கல்லைக் கொட்டினர், கருத்தைக் கேட்டனரா?



கடலைக் காணாத ஊர் கடையநல்லூர். மேற்கே மலை, மலையினின்று இறங்கி வரும் கருப்பாநதி, அந்த நீரை வாங்கித் தேக்கும் குளங்கள், குளத்தை நம்பிய வயல்கள் — இவையே எம் ஊரின் உலகம். தறி நெய்து வயிறு நிறையாத நிலையில், சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய எம் ஊர் முன்னோர்க்குத்தான் கடல் தெரியும். இன்றைய பிள்ளைகட்குக் கடல் என்பது சுவரில் தொங்கும் படத்தில் நீல நிறம்.

அந்தப் படத்தை மாட்டி வைத்து, எட்டாம் வகுப்பில் ஒரு நாள் கேட்டேன்: "சென்னை மெரினாக் கடற்கரை ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது?"

ஒரு மாணவன் எழுந்தான். "கடல் மாதாவின் கருணை, ஐயா! தானே விலகி இடம் கொடுத்தாள்" என்றான்.

பின்வரிசையிலிருந்து மற்றொருவன் எழுந்தான். "எங்கள் மாமா திருவொற்றியூரில் இருக்கிறார், ஐயா. விடுமுறையில் போயிருந்தேன். அங்கே மணலே இல்லை. கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. அவர்கள்மேல் மட்டும் கடல் மாதாவுக்கு என்ன கோபம்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கடல், ஒரே நகரம். தெற்கே வளர்கிறது, வடக்கே தேய்கிறது. தெற்கே உலாவச் செல்வோர்க்கு மணல் விரிப்பு. வடக்கே வலை உலர்த்துவோர்க்குக் கல் குவியல். இதற்குக் கருணையும் காரணமன்று, கோபமும் காரணமன்று. காரணம் மனிதர் எழுப்பிய ஒரு சுவர். அதை எழுப்பியபோது எவரைக் கேட்டனர், அது கெடுத்த கரையைப் பழுதுபார்க்கும் போதெல்லாம் எவரைக் கேட்டனர் என்பதே அந்தச் சிறுவனுக்கு நான் சொல்ல வேண்டிய விடை. ஒரு பாட வேளைக்குள் அடங்காத அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

மணலின் கணக்கு

கடற்கரை என்பது அசையாத நிலம் என்று எண்ணுகிறோம். அது தவறு. கடற்கரை ஓடிக்கொண்டிருக்கும் மணல். அலை சாய்வாக வந்து கரையில் மோதும்போது மணலை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது. சோழமண்டலக் கரையில், ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை திசை மாறுகிறது; மணல் தெற்கே திரும்புகிறது. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே மிகுதி.

இதைக் கண்டுபிடிக்கக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. சென்னைக் கரையின் மீனவர், தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பெயரிட்டு வழங்குகின்றனர். எந்தக் காலத்தில் எது ஓடும், எது ஓடினால் எங்கே மணல் சேரும், எங்கே அரிக்கும் என்பது அவர்க்கு அன்றாட வாழ்வின் அறிவு. அந்த அறிவுக்குக் கட்டடமில்லை, பதவியில்லை, முத்திரையில்லை. ஆகவே அதை அறிவென்று ஏற்பாருமில்லை!

ஓடுகின்ற மணலுக்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கத்தில் மணல் தடுக்கப்பட்டுக் குவியும். வடக்குப் பக்கத்திற்கு வரவேண்டிய மணல் வாராது. அலையோ தன் வேலையை நிறுத்தாது. இருக்கும் மணலை எடுத்துக்கொண்டு போகும். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் குடும்பம் என்ன ஆகுமோ, கரையும் அதுவே ஆகும்.

துறைமுகம் பிறந்த கதை

1639-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் இடம் பிடித்தபோது அங்கே துறைமுகம் இல்லை. திறந்த கடல், ஓயாத அலை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் பலகை தைத்த மசுலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் நம் மீனவர் அலையைக் கடந்து சென்று, சரக்கையும் சீமாட்டிகளையும் சேர்த்துக் கரைக்குக் கொணர்ந்தனர். ஏறத்தாழ இருநூறாண்டுக் காலம் சென்னை வணிகம் அவர்தம் தோளின்மீது நடந்தது.

1861-ல் இரும்புத் தூண்கள்மீது ஒரு நீள்பாலம் கடலுக்குள் எழுந்தது. புயல் அதைச் சிதைத்தது. பிறகு, இரண்டு பெருங்கைகளைக் கடலுக்குள் நீட்டி ஒரு நீர்ப்பரப்பை வளைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1836-ல் நிறுவப்பெற்ற சென்னை வணிகர் சபை துறைமுகம் கேட்டது; அரசு செவிசாய்த்தது; வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளர் வரைந்தார். 1875 திசம்பரில் வேல்சு இளவரசர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கிற்று. 1881 நவம்பரில் வீசிய புயல், எழுந்து நின்ற சுவரைப் பிளந்தது. மீண்டும் கட்டினர், 1896-ல் முடித்தனர். கிழக்கு வாயிலை மணல் அடைக்கத் தொடங்கவே, 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிசு சுபிரிங் அவ்வாயிலை மூடி, வடகிழக்கில் வேறு வாயில் திறந்தார்.

இந்த வரலாற்றை நூல்கள் வீரக்கதையாகச் சொல்கின்றன. வீரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கடலை எதிர்த்துக் கல் அடுக்குவது எளிதன்று. ஆனால் அக்கதையில் எவர் பேசுகின்றனர் என்று பாருங்கள். வணிகர் பேசுகின்றனர். பொறியாளர் பேசுகின்றனர். ஆளுநர் பேசுகின்றார். இளவரசர் கரண்டி பிடிக்கின்றார். இராயபுரத்துக் கரையில் வலை பின்னியவர் பேசினாரா? படகோட்டியின் பிழைப்பு என்னாகும் என்று எவரேனும் கேட்டனரா? தெற்கே தேங்கும் மணல் வடக்கே எவர் வீட்டைக் கேட்கும் என்று எந்த மன்றத்திலேனும் அவர்களைக் கூட்டி வைத்து வினவினரா? அக்காலத்தில் அப்படியொரு மன்றமே இல்லை!

விளைவு? துறைமுகத்தின் தெற்கே கடல் பின்வாங்கிற்று. கோட்டைச் சுவருக்கு அருகே அலையடித்த காலம் பழங்கதை ஆயிற்று. 1880-களில் ஆளுநராயிருந்த கிராண்டு டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, மெரினா என்று பெயரும் சூட்டினார். வடக்கே, இராயபுரத்தில், 1876-க்கும் 1975-க்கும் இடையே கரை ஏறத்தாழ 500 மீட்டர் பின்வாங்கிற்று என்று கடற்கரைப் பொறியியல் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். 500 மீட்டர் என்றால், எம் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே நின்று, ஐந்தாறு தெருக்களை எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். அத்தனையும் நீருக்குள்!

அறிஞர் அண்ணா துயிலும் மணற்பரப்பும் இந்த வரலாற்றின் விளைவே. அங்கே சென்று மலர் தூவும் இளைஞன், தான் நிற்கும் மணல் வடக்கே செல்ல வேண்டிய மணல் என்பதை ஒரு கணம் நினைக்க வேண்டும். ஒருவர் ஆக்கம் மற்றவர் தேய்வாக நிற்கும் இடங்கள் சமுதாயத்தில் மட்டுமல்ல, கடற்கரையிலும் உண்டு.

நூறாண்டுக் கல்

தேய்ந்த கரைக்கு என்ன மருந்து தந்தனர்? கல்! இராயபுரத்தில் கல், காசிமேட்டில் கல், திருவொற்றியூரில் கல். இடையே அந்தக் கரையின் பின்புறம் ஆலைகள் எழுந்தன. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூரில் அனல் மின் நிலையம். 2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். அதன் வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றுமொரு துறைமுகம். ஆலைக்குச் சாலை வேண்டும். சாலையைக் கடல் அரிக்கும். சாலையைக் காக்கக் கல் வேண்டும்.

கற்சுவர் சாலையைக் காக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் கடற்கரையைக் காக்கிறதா? சுவரில் மோதும் அலை திரும்பிச் செல்கையில் சுவரின் அடியில் உள்ள மணலைத் தோண்டுகிறது. முன்னே இருந்த கொஞ்ச மணலும் மறைகிறது. அடிமணல் போனதும் கல் சரிகிறது. சரிந்த இடத்தில் மேலும் கல். இதற்குப் பெயர் செப்பனிடுதல்! சுவர் எந்த இடத்தில் முடிகிறதோ, அதற்கு அடுத்த வடபுறக் குப்பத்தில் அரிப்பு கூடுகிறது. பிறகு அங்கும் கல்.

2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கரையில் கடலுக்குள் நீளும் கற்கரங்கள் பத்து கட்டப்பட்டன. தூண்டில் முள்ளைப்போல் வளைந்து நிற்பதால் மக்கள் இவற்றைத் தூண்டில் வளைவு என்று அழைக்கின்றனர். இரண்டு வளைவுகட்கு இடையே மணல் சேருகிறது. படகு நிறுத்த இடம் கிடைக்கிறது. பல குப்பங்கள் தாமே இவற்றைக் கேட்டுப் போராடுகின்றன. ஆனால் வளைவு பிடித்து வைக்கும் மணல் எங்கிருந்து வருகிறது? வடக்கே போக வேண்டிய மணல்தான். துறைமுகம் பெரிய அளவில் செய்ததை வளைவு சிறிய அளவில் செய்கிறது.

புதுச்சேரியைப் பாருங்கள். 1989-ல் அங்கே துறைமுக அலைத்தடுப்புகள் முடிந்தன. நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கற்சுவர் எழுந்தது. அரிப்பு வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பத்தையும் சின்ன முதலியார்சாவடியையும் தாக்கிற்று. நூறாண்டுக்கு முன் சென்னை கற்ற பாடத்தைப் புதுச்சேரி மீண்டும் முதலிலிருந்து கற்றது. பாடத்தைக் கற்பவர் அதிகாரி. அதற்குக் கட்டணம் செலுத்துபவர் மீனவர்!

இப்போது ஓர் உண்மை தெளிவாகிறது. கரைச்சுவரைக் கட்டுவதும் செப்பனிடுவதும் வெறும் கொத்து வேலை அல்ல. எந்தக் கரை நிற்கட்டும், எந்தக் கரை கரையட்டும் என்று தீர்ப்பு எழுதும் வேலை அது. தீர்ப்பு எழுதுமுன் வழக்குக்கு உரியோரைக் கேட்பது முறையல்லவா?

பழம்பெருமை பேசுவோர்க்கு

"மக்களைக் கேட்பது நமக்குப் புதிதா? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்! குடவோலை முறை! ஏரி வாரியம்! ஆயிரமாண்டுக்கு முன்பே நாம் குடியாட்சி கண்டவர்கள்!" என்று மேடைதோறும் முழங்குவோர் உண்டு.

பார்ப்போம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அக்கல்வெட்டுகள். ஏரியைக் காக்கத் தனி வாரியம் இருந்தது உண்மை. குடத்தில் ஓலையிட்டுத் தெரிந்தெடுத்ததும் உண்மை. கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது என்ற கண்டிப்பும் பாராட்டத்தக்கதே. ஆனால் எவர் பெயர் குடத்திற்குள் போகலாம்? இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவன். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவன். முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதுள்ளவன். மந்திர பிராமணம் கற்றவன். அது பிரமதேய ஊர்; அந்தச் சபை பார்ப்பனர் சபை. ஏரிக்கரையில் மண் சுமந்தவள் பெயர் குடத்தில் இல்லை. வயலில் சேறு மிதித்தவன் பெயரும் இல்லை. மடை உடைந்தால் இரவில் ஓடிச்சென்று உடம்பைக் கொடுத்து அடைத்தவனின் பெயர் குடத்திற்குள் மட்டுமல்ல, கல்வெட்டின் எந்த மூலையிலும் இல்லை.

குடிமராமத்து என்று இனிய பெயரிட்டு வழங்கிய முறையும் அத்தகையதே. ஊர் கூடிக் குளம் தூர்வாருவது நல்லதே. ஆனால் கூடி முடிவெடுத்தவர் ஒரு சாரார். கூடை சுமந்தவர் வேறொரு சாரார். வெள்ளையர் ஆட்சி 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டத்தால் இதற்குச் சட்ட முத்திரையும் குத்திற்று. கரை உடையும் நிலை வந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை ஊர் அதிகாரி கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். உழைக்கும் வகுப்பை அழைக்கலாமாம், கை கொடுக்க! அதே வகுப்பை அழைத்துக் கருத்துக் கேட்கலாம் என்று ஒரு வரியேனும் அச்சட்டம் சொல்லியிருக்குமானால், இன்று இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

பழைமையில் பெருமை உண்டு, அதைக் கொள்வோம். பழைமையில் பிழையும் உண்டு, அதைத் தள்ளுவோம். கரை எவருடையது என்ற கேள்விக்கு, நிலம் உடையவனுடையது, நூல் ஓதியவனுடையது என்று விடை தந்த காலம் போகட்டும். கரை இடிந்தால் எவர் வீடு இடியுமோ அவருடையது என்பதே பகுத்தறிவின் விடை.

சட்டம் வந்தது, செவி வந்ததா?

போபால் நச்சுவாயுவில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பின்னர், 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 1994-ல் பெருந்திட்டங்கட்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1997-ல்தான் — ஆம், இளவரசர் அடிக்கல் நாட்டி 122 ஆண்டுகள் கழித்து! — பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சட்டத்தில் இடம் பெற்றது. 2006 செப்டம்பர் அறிவிக்கை அதன் நடைமுறையை விரித்துரைத்தது.

அந்த நடைமுறையை ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருக்க வேண்டும். கூட்டத்திற்கு முப்பது நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். அதுவும் ஒரு நாட்டளாவிய நாளேட்டிலும், வட்டார மொழி நாளேடு ஒன்றிலும் வெளியிட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியில் கிடைக்க வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ, அவர் சார்பில் உரிய தகுதியுள்ள அதிகாரியோ தலைமை தாங்குவார். நடவடிக்கை முழுதும் ஒளிப்பதிவாக வேண்டும். கூட்டம் முடிவதற்குள், பேசப்பட்டவற்றின் தொகுப்பை மக்கள் மொழியில் படித்துக்காட்டி விளக்க வேண்டும். இவ்வளவும் சலுகை அல்ல, உரிமை.

ஆனால் உரிமைக்குள் உள்ள ஓட்டைகளையும் அறிய வேண்டும். கூட்டத்திற்கு இத்தனை பேர் வந்தே தீர வேண்டும் என்ற வரம்பு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம். பத்தாயிரம் பேர் வந்து மறுத்தாலும் கூட்டம். கேட்பது கடமை, கேட்டபடி நடப்பது கடமையல்ல. சுருக்கம் தமிழில் வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் அமைந்த முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். நீரோட்டம் எங்கே திரும்பும், மணல் எங்கே சேரும் என்ற கணக்கு அந்த முழு அறிக்கைக்குள்தான் ஒளிந்திருக்கும்.

மொழியைப் பற்றிய ஒரு செய்தி. 2020-ல் மத்திய அரசு இந்த அறிவிக்கையையே மாற்றப் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டு, மக்களே கருத்துச் சொல்லுங்கள் என்றது. வரைவு இருந்த மொழிகள் ஆங்கிலமும் இந்தியும். தமிழன் கருத்துச் சொல்ல வேண்டுமாம். தமிழில் படிக்கக் கொடுக்க மாட்டார்களாம்! அவ்வாண்டு சூன் 30-ல் தில்லி உயர்நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வரைவை வெளியிட ஆணையிட்டது. அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை, உச்சநீதிமன்றத்தின் படியேறி, அந்த ஆணையை எதிர்த்தது. புரியாத மொழியில் கருத்துக் கேட்பது, செவிடன் காதில் சங்கு ஊதுவதன்று. சங்கை ஊதிவிட்டு, எதிரே நிற்பவனைச் செவிடன் என்று ஏசுவது!

இருப்பினும் இந்த ஓட்டைச் சட்டத்தையும் விழிப்புள்ள மக்கள் கருவியாக்கியதுண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்திற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரி 22-ல் நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. கொள்ளை நோய்க் காலத்தில் இதற்கென்ன அவசரம் என்ற எதிர்ப்பு எழுந்தது, கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மீண்டும் நாள் குறித்தனர்; அதுவும் தள்ளிப்போயிற்று. பழவேற்காட்டு மீனவர் அணி திரண்டு நின்றதன் பயன் அது. 1875-ல் கேட்பாரற்று நின்ற கரை இன்று கேள்வி கேட்கிறது. அது சிறு முன்னேற்றமன்று.

பழுதுபார்ப்பும் ஒரு முடிவே

ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. புதிய துறைமுகம் என்றால் கூட்டம் உண்டு. ஏற்கெனவே உள்ள கற்சுவர் சரிந்து, அதைச் செப்பனிடுவதென்றால்? வழக்கமாக ஊரைக் கூட்டிக் கேட்பதில்லை. கேட்டால், "இது புதிய திட்டமல்ல, பழுதுபார்ப்பு" என்பர். "அலை வாசற்படியில் நிற்கிறது, கூட்டம் போட நேரம் ஏது?" என்பர்.

அலை வாசற்படிக்கு ஒரே இரவில் வந்ததா? ஒவ்வொரு பருவமழைக்கும் எந்தக் கல் சரிகிறது, எந்தக் குப்பம் அரிக்கப்படுகிறது என்பது ஆண்டுதோறும் தெரிந்த செய்தி. முன்கூட்டியே கேட்கலாம்; கேட்பதில்லை. காலம் தாழ்த்திவிட்டு, அந்தத் தாழ்வையே அவசரம் என்று பெயர் மாற்றுகின்றனர். வீடு இடியும் இரவில் கல் போடுங்கள், எவரும் தடுக்கமாட்டார். விடிந்த பிறகு, அந்தக் கல் அங்கேயே நிலைக்கட்டுமா, சுவர் நீளட்டுமா, வளைவு வேண்டுமா, தெற்கே தேங்கிய மணலை எடுத்து வடக்கே சேர்க்கலாமா என்று கேட்பதற்கு என்ன தடை?

இந்தக் கேள்விகளைக் கேட்டதனால் பொறியியலே மாறிய வரலாறு ஒன்று உண்டு. நிலத்தின் ஒரு பகுதி கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கும் நாடு ஒல்லாந்து. அங்கே கரைகளைக் காக்கும் நீர் வாரியங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இயங்குகின்றன. தொடக்கத்தில் அங்கும் நிலமுடையோர் கையே ஓங்கியிருந்தது. இன்று பொதுமக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1953 சனவரி 31 இரவில் பொங்கிய கடல், பழுதுற்ற கரைகளை உடைத்து 1,836 உயிர்களைக் கொண்டது. இனி இவ்வாறு நேரக்கூடாது என்று, கடல் வாய்களை அணையிட்டு மூடத் திட்டம் தீட்டினர். ஊஸ்டர்ஸ்கெல்டே என்னும் கழிமுகத்தையும் முற்றாக மூடுவதென்று வேலை தொடங்கினர். யெர்செக்கே ஊரின் சிப்பி மீனவர் எதிர்த்தனர். இயற்கை ஆர்வலரும் இளைஞரும் சேர்ந்தனர். உயிர் காக்கும் அணையை எதிர்ப்பதா என்ற ஏச்சும் எழுந்தது. வாதம் நடந்தது, நாடாளுமன்றம் கேட்டது, 1970-களின் நடுவில் திட்டம் திருத்தப்பட்டது. மூடிய அணைக்கு மாறாக 62 எஃகுக் கதவுகள் கொண்ட தடுப்பு எழுந்தது. அமைதியான நாளில் கதவு திறந்திருக்கும், கடல்நீர் வந்து போகும், சிப்பியும் வாழும். புயல் நாளில் கதவு இறங்கும், ஊரும் வாழும். 1986-ல் அது திறக்கப்பட்டது. செலவு கூடிற்று, ஐயமில்லை. ஆனால் கேட்டதனால் கரை இடிந்துவிடவில்லை. கேட்டதனால்தான் மேலான கரை பிறந்தது.

ஒல்லாந்து பணக்கார நாடு, நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். எஃகுக் கதவுக்குப் பணம் வேண்டும். காது கொடுக்கப் பணம் வேண்டியதில்லை.

கேட்பது எப்படி?

கருத்துக் கேட்பு என்பது பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, முன்வரிசையில் காவலரை நிறுத்தி, மூன்று நிமிடத்தில் பேசி முடி என்று மணியடிப்பதன்று. கரைச்சுவர் செப்பனிடும் வேலைக்குக் கருத்துக் கேட்பதென்றால் குறைந்த அளவு நான்கு செய்ய வேண்டும்.

ஒன்று, சுவர் இருக்கும் ஊரை மட்டும் அழைப்பது போதாது. சுவருக்கு வடக்கே உள்ள குப்பங்களையும் ஒன்றாக அழைக்க வேண்டும். ஒரு குப்பம் கேட்கும் வளைவு அடுத்த குப்பத்தின் மணலை எடுக்கும் என்றால், அந்த இரண்டு குப்பத்தாரும் ஒரே பந்தலில் முகம் பார்த்துப் பேச வேண்டும். தனித்தனியே அழைத்தால் குப்பத்துக்குக் குப்பம் பகை மூளும். கல் ஒப்பந்தக்காரர் மட்டும் வாழ்வார்.

இரண்டு, முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். சுருக்கம் என்பது அதிகாரி தேர்ந்தெடுத்த உண்மை. முழுமை என்பது மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய உண்மை.

மூன்று, மீனவர் அறிவைக் கணக்கில் எழுத வேண்டும். தெண்டி ஓடும் மாதமும் வன்னி ஓடும் மாதமும் அளவுகோலோடு சேர்த்து ஆராயப்பட வேண்டும். மீனவர் சொன்னார் என்பதற்காக ஏற்கவும் வேண்டா. மீனவர்தானே சொன்னார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டா. எப்பொருள் எவர் சொன்னாலும் ஆராய்வதுதானே பகுத்தறிவு?

நான்கு, மீன் விற்கும் பெண்களுக்கு இடம் வேண்டும். கரை தேய்ந்தால் முதலில் மறைவது அவர்கள் கருவாடு உலர்த்தும் மணல். பஞ்சாயத்தார் பேசிவிட்டனர், அது போதும் என்று சொன்னால், உத்திரமேரூர்க் குடத்தையே வேறு ஓர் உருவில் தூக்கி வருகிறோம் என்று பொருள்.

மலையடிவாரத்து ஊருக்கு இதில் என்ன?

"கடையநல்லூர் ஆசிரியருக்குக் கடற்கரைக் கவலை எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் அவரைக் குளத்துக்கரைக்கு அழைத்துச் சென்றேன். மறுகாலை ஒரு முழம் உயர்த்தினால் மேலே உள்ள நிலம் மூழ்கும். தாழ்த்தினால் கீழே உள்ள வயல் காயும். கரையை எவ்விடத்தில் பலப்படுத்துகிறோமோ, அதற்கு அடுத்த மெலிந்த இடத்தை நீர் தேடும். கடலுக்கு உள்ள நியாயமே குளத்துக்கும் உண்டு. இங்கும், கரை செப்பனிடும் திட்டம் வந்தால் ஒப்பந்தக்காரர் பெயர் பலகையில் இருக்கும். கடைமடைக்காரர் கருத்து எந்தப் பலகையிலும் இராது. நண்பர் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

இளைஞர்களே! அடுத்த முறை உங்கள் ஊரில் கருத்துக் கேட்பு என்று நாளேட்டின் மூலையில் சிறிய அறிவிப்பு வந்தால், அதை வெட்டி எடுத்து ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். ஆட்சியர் அலுவலகம் சென்று அறிக்கையைக் கேளுங்கள். எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுங்கள். கூட்டத்தில் பேசியவை குறிப்பில் ஏறினவா என்று இறுதிவரை இருந்து பாருங்கள். அறிவிப்பே வாராத பழுதுபார்ப்பு என்றால், ஏன் வரவில்லை என்று எழுதிக் கேளுங்கள்.

மறுநாள் வகுப்பில், திருவொற்றியூர் மாமா உள்ள மாணவனை அழைத்து இவ்வளவும் சொன்னேன். கடல் மாதாவுக்குக் கோபமுமில்லை, கருணையுமில்லை. மணலுக்குக் குறுக்கே சுவர் இருக்கிறது என்றேன். அவன் சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, "சுவர் கட்டும்போது மாமா ஊரில் கேட்டார்களா, ஐயா?" என்றான்.

"கேட்கவில்லை" என்றேன்.

"இனிமேல்?"

அந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். விடை சொல்ல வேண்டியவர் நாம்.